கடைசி பெஞ்சுக்கும் தெரிந்த உணவுச் சங்கிலி

ஒரு காட்டில் ஒரு தொடக்கப்பள்ளி இருந்தது. சிங்கம் இருந்தது என்றுதானே எதிர்பார்த்தீர்கள்? அது போன வருடமே இடமாறுதல் வாங்கிக்கொண்டு போய்விட்டது. பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குத் துள்ளுமணி டீச்சர். அவர் ஒரு முயல். இரண்டு காதையும் பின்னுக்குத் தள்ளிக் கொண்டை போட்டுக்கொண்டு நாள் தவறாமல் வந்துவிடுவார்.

அந்த வருடம் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. இனி சூழலியலை யாரும் புத்தகத்தில் படிக்கக் கூடாது. செய்து பார்த்தே கற்க வேண்டும். துணைக்கருவிகள் செலவில்லாமல் உள்ளூரில் கிடைப்பவையாக இருக்க வேண்டும். டீச்சருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மழைப் பாடத்துக்கு எல்லோரும் மழையில் நின்றார்கள். மண் பாடத்தன்று ஆளுக்கு ஒரு பிடி மண்ணைத் தின்றே பார்த்தார்கள். மண்புழு மாணவன் நூற்றுக்கு நூறு வாங்கினான். காடே சிரிப்பும் சளியுமாக இருந்தது.

டீச்சர் நான்காம் பாடத்தைப் புரட்டினார். உணவுச் சங்கிலி. புல், முயல், புலி என்று வரிசையாகப் படம் போட்டிருந்தது.

நிமிர்ந்து பார்த்தார். முதல் பெஞ்சில் உறுமிநாதன் என்ற புலிக்குட்டி, படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். செலவில்லாமல் உள்ளூரில் கிடைக்கும் துணைக்கருவி தான்தான் என்பது டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது.

"டீச்சர், இதை எப்ப செஞ்சு பார்ப்போம்?" என்றான் உறுமிநாதன்.

"அடுத்த வாரம்டா கண்ணு."

அடுத்த வாரம் டீச்சருக்குக் காய்ச்சல். அதற்கடுத்த வாரம் பெரியப்பா இறந்துவிட்டார். அவர் இறப்பது அது மூன்றாவது முறை. விடுப்பெல்லாம் தீர்ந்த நாளில் வட்டாரக் கல்வி அலுவலர் வராகமூர்த்தி ஆய்வுக்கு வந்து இறங்கினார். காட்டுப்பன்றி. நாற்காலி போதாமல் மேசைமேல் உட்கார்ந்தார். பக்கத்தில் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி வேங்கையம்மாள், உறுமிநாதனைப் பெற்றவள். கூட்டம் என்று காலையிலேயே வரச்சொல்லி, பகல் ஒரு மணியாகியும் அவளுக்கு ஒரு டீகூடக் கொடுக்கவில்லை.

"நாலாவது பாடம் ஏன் நடக்கலை?" என்றார் அலுவலர்.

"சார், அதைச் செஞ்சு காட்டினா அஞ்சாவது பாடம் நடத்த ஆள் இருக்காதுங்க."

"அதை அடுத்த ஆய்வுல பார்த்துக்கலாம். இப்ப நடத்துங்க. போட்டோ ஏத்தணும்."

டீச்சர் கரும்பலகை முன்னால் போய் நின்றார். உறுமிநாதன் பென்சிலைக் கீழே வைத்தான்.

அலுவலர் படிவத்தைத் திறந்து டிக் போட ஆரம்பித்தார். "துணைக்கருவி செலவில்லாததா? ஆம். உள்ளூரில் கிடைத்ததா? ஆம். கடைசி பெஞ்சுக்கும் தெரியும்படி இருக்கிறதா?"

கடைசி பெஞ்சிலிருந்து ஆமை எழுந்தது. "எனக்குத் தெரியலை சார். டீச்சர் ரொம்பச் சின்னதா இருக்காங்க."

"என்னம்மா இது? பெருசா ஒண்ணு தயார் பண்ணி வச்சிருக்க வேண்டாமா?" அலுவலர் எரிச்சலோடு எழுந்து, இரண்டு கையையும் அகல விரித்தார். "இந்தா, இவ்வளவு பெருசா இருக்கணும்!"

வேங்கையம்மாள் பாதிக் கொட்டாவியில் நிறுத்தினாள். "எவ்வளவு சார்? இன்னொரு தடவை காட்டுங்க."

காட்டினார்.

பாடம் மூன்று நிமிடத்தில் முடிந்தது. ஆமைக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. பிள்ளைகள் கைதட்டி, "இன்னொரு தடவை!" என்று கத்தினார்கள். டீச்சர் கரும்பலகையைக் கட்டிக்கொண்டு அழுதார், பிறகு சிரித்தார், பிறகு உயிரோடு இருக்கும் மகிழ்ச்சியில் இரண்டு குட்டிக்கரணம் அடித்தார். அப்புறம் கீழே கிடந்த படிவத்தை எடுத்து மீதியை ஒழுங்காக நிரப்பினார். 'ஆய்வு அலுவலரின் ஒத்துழைப்பு எப்படி?' என்ற இடத்தில், 'மிச்சம் வைக்கவில்லை' என்று எழுதினார்.

நீதி: பெற்றோரும் பங்கெடுத்தால்தான் கல்வி சிறக்கும். அவர்களைப் பசியோடு உட்காரவைப்பது பள்ளியின் கடமை.