பத்து நிமிட நம்பிக்கை

பொய் சொல்லாமல் வாழ இந்த உலகத்தில் ஒரே வழி செய்தி வாசிப்பதுதான் என்பது என் ஆராய்ச்சியின் முடிவு. வக்கீல் வாதாடுகிறார். வியாபாரி தன் சரக்கைப் புகழ்கிறார். மாப்பிள்ளை வீட்டார் பையனின் உத்தியோகத்தை ஒரு படி உயர்த்திச் சொல்கிறார்கள். இவர்களெல்லாம் ‘சொல்கிறவர்கள்’. நாங்கள் எதையும் சொல்வதில்லை, வாசிக்கிறோம். பாவம் எழுதிக் கொடுத்தவனைச் சேரும். வாசித்தவனுக்குப் பென்ஷன் உண்டு.

இந்தப் பரிசுத்தமான தொழில் எனக்கு டில்லியில் வாய்த்துப் பதினோரு வருடங்கள் ஆகியிருந்தன. பெயர் இஸ்ரவேல். ஊர் பாளையங்கோட்டைப் பக்கம். கிட்வாய் நகரில் அரசாங்கக் குவார்ட்டர்ஸ். மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். சாயங்காலங்களில் ரேடியோவில் தமிழ்ச் செய்தி வாசிப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ் ஆராதனையில் வேதபாடம் வாசிப்பேன். இரண்டுக்கும் ஒரே குரல்தான். கர்த்தர் எனக்கு ஒன்றுதான் கொடுத்திருந்தார்.

“நீங்க வாசிக்கிறதை நீங்களே நம்புறீங்களா சார்?” என்று மாடி வீட்டு சுப்பையா அடிக்கடி கேட்பார்.

“நம்புகிறேன்” என்பேன். அதில் பொய்யில்லை. ஸ்டுடியோவில் சிவப்பு விளக்கு எரிந்ததும் எனக்கு நம்பிக்கை பிறந்துவிடும். பத்து நிமிடம் கழித்து விளக்கு அணைந்ததும் அது கேண்டீனுக்கு டீ குடிக்கப் போய்விடும். மறுநாள் விளக்கு எரியும்போது தவறாமல் திரும்பி வரும். இவ்வளவு ஒழுங்காக வேலைக்கு வரும் நம்பிக்கை வேறு யாரிடம் இருக்கிறது?

நான் சொல்லும் சம்பவம் நெருக்கடி நிலை அமலில் இருந்தபோது, எழுபத்தாறில் நடந்தது. அப்போது நாட்டில் எல்லாமே நன்றாக இருந்தது. எனக்கு நிச்சயமாகத் தெரியும், நான்தான் வாசித்தேன். ரயில்கள் நேரத்துக்கு ஓடுகின்றன என்று நான் வாசித்த வாரத்தில் என் மைத்துனர் நாலரை மணி நேரம் தாமதமாக டில்லி வந்து சேர்ந்தார். “அத்தான், வண்டி லேட்டு” என்றார். அவருடைய கைக்கடிகாரத்தைப் பழுது பார்க்கக் கொடுத்தேன்.

அந்தக் கோடையில் மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி எங்கள் பிரிவுக்கு வந்து கூட்டம் போட்டார். பொருள்: ‘வாசிப்போர் குரலில் நம்பிக்கையை மேம்படுத்துதல்’.

“எனக்குத் தமிழ் தெரியாது” என்று அவர் இந்தியில் ஆரம்பித்தார். “ஆனால் நம்பிக்கை எந்த மொழியிலும் காதில் விழும். உங்கள் பிரிவில் அது குறைவாக விழுகிறது.”

குறைவாக விழுந்தது விஜயலக்ஷ்மியிடமிருந்து. என்னுடன் முறை வைத்து வாசிக்கும் அந்தப் பெண், ‘உற்பத்தி’க்கும் ‘பெருகியது’க்கும் நடுவில் ஒரு கொட்டாவி விட்டிருந்தாள். அது தேசம் முழுவதும் கேட்டிருக்கிறது.

“சார், இந்த மாசத்துல பதினாறாவது தடவையா உற்பத்தி பெருகியிருக்கு” என்றாள் அவள். “நம்பிக்கையெல்லாம் ட்யூட்டி போட்டு வரவழைக்கிற விஷயமா சார்?”

“போட்டாச்சும்மா” என்றார் எங்கள் பிரிவுப் பொறுப்பாளர் சத்தியசீலன், அப்போதே எழுதிக்கொண்டு. இனி ஒவ்வொரு வாசிப்புக்குப் பிறகும் ஒரு படிவம் நிரப்பப்படும் என்றும், அதில் ‘நம்பிக்கை: போதும் / போதாது’ என்று குறிக்கப்படும் என்றும் முடிவாயிற்று.

பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் படிவத்தில் ‘போதாது’ வர வாய்ப்பே இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ரகசியத்தை விளக்கும்படி அதிகாரி கேட்டுக்கொண்டார். எழுந்து நின்று விளக்கினேன்.

“வாக்கியம் முடியும்போது குரலைத் தாழ்த்த வேண்டும். பிறகு ஒரு மூச்சு நிறுத்த வேண்டும். கேட்கிறவர் மனதுக்குள் ‘ஆமென்’ சொல்லிக்கொள்ள அந்த ஒரு மூச்சு போதும். நான் இதைக் கோயிலில் கற்றுக்கொண்டேன்.”

அதிகாரி மெய்மறந்தார். என் யோசனை ‘மூச்சு விடும் முறை’ என்ற தலைப்பில் கூட்டக் குறிப்பில் ஏறியது. அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை. சேவிக்கிற இடத்திலிருந்து எடுத்த சாமானை எங்கே கொண்டுபோய் விற்றிருக்கிறேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை எனக்குக் கிடைத்த செய்திகளில் ஒன்று: டில்லியில் ஜுக்கி என்னும் குடிசைகளில் வாழ்ந்த மக்கள் தாமாகவே முன்வந்து, யமுனைக்கு அக்கரையில் உள்ள புதிய குடியிருப்புக்கு மகிழ்ச்சியுடன் இடம் பெயர்கிறார்கள். அங்கே குடிநீர்க் குழாய், பள்ளிக்கூடம், பேருந்து, மருத்துவமனை ஆகிய வசதிகள் இருக்கின்றன. ‘மருத்துவமனை’க்குப் பிறகு ஒரு மூச்சு நிறுத்தினேன். நல்ல மூச்சு. படிவத்தில் ‘போதும்’ வந்தது.

மறுநாள் காலையில் எங்கள் வீட்டு வேலைக்கு வரும் சந்திரம்மாள் பாத்திரங்களைத் தொடாமல் என் நாற்காலிக்கு எதிரே வந்து நின்றாள். ஆத்தூர்ப் பக்கத்துக்காரி. நாலா என்கிற சாக்கடைக் கால்வாய்க் கரை ஜுக்கியில் இருந்தாள். எங்கள் ஆராதனைக்கு வருகிறவள். கடைசி பெஞ்சில் உட்காருவாள். அவளுக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று உண்டு, பாதிரியாருக்கு மட்டும் தெரியும்.

“நேத்துச் சாயங்காலம் எல்லாரும் ட்ரான்சிஸ்டரைச் சுத்தி உக்காந்து கேட்டோம்ங்கய்யா. அங்க ஆஸ்பத்திரி இருக்குதுன்னு வாசிச்சீங்களே, நெசந்தானுங்களா?”

“ஏன் கேக்க?”

“இன்னிக்கு மனைக்குப் பர்ச்சிச் சீட்டு குடுக்குறாங்க. இப்பவே கைநாட்டு வெச்சா வெள்ளிக்கிழமையே ட்ரக்குல ஏத்தி விட்டுருவாங்களாம், நல்ல மனையாக் கெடைக்குமாம். இல்லாட்டி மாசக் கடைசியில இடிக்கும்போதுதான் போவணும். எங்க மக வடிவுக்கு இதுதான் பேறு மாசம். இங்க இருந்தா அம்மா வேலை பாக்குற ஆஸ்பத்திரி நடக்குற தூரம். அதான் ஒரே ரோசனை. எங்க வீட்டுக்காரரு, ‘ரேடியோக்காரன் ஊடு இடியல, அவன் என்ன வேணாலும் சொல்லுவான்’னு கத்துறாரு. நாஞ்சொன்னேன், வேதத்தை வாசிக்கிற வாயி, அது தப்பா வாசிக்காதுன்னு.”

சிவப்பு விளக்கு எரியாத நேரத்தில் என்னிடம் இப்படி யாரும் கேட்டதில்லை. ‘எனக்குத் தெரியாது சந்திரம்மா, ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வா’ என்று சொல்லியிருக்கலாம். அதற்கு மூச்சுகூட நிறுத்த வேண்டாம். ஆனால் அந்தச் சமயம் டில்லியில் சுவர்களுக்குக் காது முளைத்திருந்தது. சுப்பையாவின் மாடிப்படியும் சுவரை ஒட்டித்தான் போகிறது. எனக்கு இன்னும் பதினேழு வருட சர்வீஸ் பாக்கி இருந்தது.

“செய்தியில அப்படித்தான் வந்திருக்கு” என்றேன். குரலைத் தாழ்த்தி, ஒரு மூச்சு நிறுத்தி. பழக்க தோஷம்.

அவள் முகம் தெளிந்துவிட்டது. உடனே என் மனசாட்சி விழித்து, சிறு சிறு உதவிகளில் இறங்கியது. ஒரு கிலோ சர்க்கரை கொடுத்தேன். என் பழைய போர்வையைக் கொடுத்தேன். என் குடையைக் கூடக் கொடுத்தேன். வடிவுக்காக முழங்கால் போட்டு ஜெபம் செய்தேன். நான் சிறிய அன்பை நம்புகிறவன். அன்று காலை என்னால் செய்ய முடிந்த எல்லாச் சிறிய அன்புகளையும் செய்தேன், அவள் கேட்டதைத் தவிர.

சாயங்காலம் வார்டிலிருந்து வந்த என் மனைவி செலினிடம் பெருமையாகச் சொன்னேன்.

“அங்க ஆஸ்பத்திரியா? எங்க ஆளுங்க யாரையும் அங்க போடலியே” என்றாள். “நர்ஸு இல்லாம ஆஸ்பத்திரி எப்படி நடக்கும்?”

“நர்ஸ் பற்றிச் செய்தியில் குறிப்பிடவில்லை.”

“குடையைக் குடுத்தீங்களே, தெரியாதுன்னு ஒரு வார்த்தை குடுத்திருக்கலாம்லா?”

மறுநாள் காலையில் செலினே நாலாக் கரைக்குப் போனாள். சந்திரம்மாள் கைநாட்டு வைத்துவிட்டிருந்தாள். அவளைப் பார்த்து இன்னும் முப்பது குடும்பங்கள் வைத்திருந்தன. வெள்ளிக்கிழமை ட்ரக்குகள் வந்து ஏற்றிப் போயின.

ஒன்பது நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், நானும் செலினும் பிஸ்கட், கொசுவலை, மருந்துப் பை சகிதம் அக்கரைக்குப் போனோம். இரண்டு பஸ் மாறி, மீதி தூரம் டோங்காக் குதிரைவண்டியில் போனோம். பொட்டல் வெளி. சுண்ணாம்புப் பொடியால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருந்தார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு குடும்பம் தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்திருந்தது. மருத்துவமனை இருந்தது என்பதை நான் பதிவு செய்ய வேண்டும். அது இரண்டு கம்புகளில் நின்றது. இந்தியில் பெயர் எழுதி, சிவப்புச் சிலுவை வரைந்த பலகை. அதன் நிழலில் ஒரு நாய் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தது.

வடிவு தார்ப்பாய்க்குக் கீழே, என் போர்வையில் படுத்திருந்தாள். பக்கத்தில் நாலு நாள் குழந்தை. வலி எடுத்தபோது பஸ் இல்லை. பக்கத்துக் கட்டத்தில் இருந்த ராஜஸ்தான்காரப் பெண், கல் சுமக்கிறவள், தன் துப்பட்டாவைத் திரையாகக் கட்டிப் பிரசவம் பார்த்திருக்கிறாள். ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. இரண்டு நாள் தன் குடத்துத் தண்ணீரை இவர்களுக்குக் கொடுத்துவிட்டு, தன் பிள்ளைகளோடு மூன்று மைல் நடந்து வேறு தண்ணீர் எடுத்து வந்திருக்கிறாள்.

செலின் வடிவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம், “காய்ச்சல் கொதிக்குது. டோங்காவை நிறுத்துங்க” என்றாள். மருந்துப் பையைத் திறந்தாள். என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

சந்திரம்மாளை நிமிர்ந்து பார்க்கக் கூசியது. அவளோ என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வெசனப்படாதீங்கய்யா. நீங்க என்ன பண்ணுவீங்க? உங்களையே ஏமாத்திப்புட்டாங்க, பாவிங்க. எழுதிக் குடுத்ததை நம்பி வாசிச்சீங்க. இப்பத்தான் கண்ணால பாத்துட்டீங்களே. ஒரே ஒரு வார்த்தை ரேடியோல சொல்லுங்கய்யா, இங்க ஆஸ்பத்திரி இல்லைன்னு. நீங்க சொன்னா வந்துரும்.”

“பார்க்கிறேன்” என்றேன்.

வடிவை செலினின் வார்டில் சேர்த்தோம். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. தைரியம் வந்து, சத்தியசீலனின் அறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் டெலிபோன் மேல் ஒரு தலையணை உறையைப் போட்டு மூடினார். “ஐயா, கொழந்தை நல்லா இருக்கா?”

“இருக்கு.”

“ஆணா, பொண்ணா?”

“பெண்.”

“தாய்?”

“இப்போ பரவாயில்லை.”

“அப்புறம் ஏன் ஐயா மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டு வர்றீங்க? இது நல்ல செய்தி ஐயா!”

மறுநாள் செய்திப் பிரதியில் அது இருந்தது. புதிய குடியிருப்பின் மருத்துவமனையில் ஒரு தமிழ்த் தொழிலாளியின் குடும்பத்தில் முதல் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். குடியிருப்பினர் மகிழ்ச்சி தெரிவித்தார்கள். நான் நேர்மையாக ஒவ்வொரு சொல்லாகச் சோதித்தேன். குழந்தை பிறந்தது உண்மை. பெண் என்பது உண்மை. இருவரும் நலம் என்பது உண்மை. அதற்கு என் மனைவியே சாட்சி. மகிழ்ச்சி சற்று மிகை, ஆனாலும் குழந்தை பிறந்தால் மகிழாதவர் யார்? ஒரே ஒரு சொல்தான் இடித்தது. பள்ளிக்கூடத்தில் இவ்வளவு மார்க் வாங்கியிருந்தால் என் தகப்பனார் ஊருக்கே மிட்டாய் கொடுத்திருப்பார்.

“விஜயலக்ஷ்மி, இதை இன்னிக்கு நீ வாசிக்கறியாம்மா?” என்று கேட்டுப் பார்த்தேன்.

“எனக்குக் கொட்டாவி வந்துடும் சார்” என்றாள்.

விளக்கு எரிந்தது. வாசித்தேன். அந்தச் செய்தியை மட்டும் மோசமாக வாசிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். தொண்டை கேட்கவில்லை. பதினோரு வருடத்தில் நான் வாசித்ததிலேயே அதுதான் சிறந்தது என்று அதிகாரி டெலிபோனில் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து சந்திரம்மாள் வந்தாள். இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். அக்கரையில் நான் ‘பார்க்கிறேன்’ என்றதை அவள் வாக்குறுதியாக எடுத்துக்கொண்டு, கட்டம் கட்டமாகப் போய் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். வீட்டுக்கு எட்டணா போட்டு ட்ரான்சிஸ்டருக்குப் புது பேட்டரி வாங்கியிருக்கிறார்கள். தினமும் சாயங்காலம் பலகைக்கு முன்னால் கூடி உட்கார்ந்து என் வார்த்தைக்காகக் காத்திருந்திருக்கிறார்கள்.

பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தொட்டியில் போட்டாள். பிறகு, முதுகைத் திருப்பியபடியே கேட்டாள்.

“இந்த வாட்டி உங்கள யாருங்கய்யா ஏமாத்துனது?”

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அறைக்குள் செலின் நடப்பது நின்றது. மாடிப்படியில் சுப்பையா இறங்கும் செருப்புச் சத்தம் கேட்டது. எதையும் பொருட்படுத்தாமல் சொல்லிவிட்டேன்.

“என்னை யாரும் ஏமாத்தல சந்திரம்மா. நான்தான் உன்னை ஏமாத்துனேன்.”

அவள் குழாயை மூடினாள்.

“அது எனக்குத் தெரியுதுங்கய்யா. உங்களுக்குத் தெரியுமான்னுதான் கேட்டேன்.”