எதிர்வீட்டுக்குக் கேட்ட நாதஸ்வரம்

என்னை எந்த விசேஷத்துக்கும் பாட்டுப் போடச் சொல்லி இப்போது யாரும் கேட்பதில்லை. நல்லதுதான். எனக்கும் விளக்கம் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

மரக்காணத்தில் என் வீட்டுக் கம்ப்யூட்டரில் பல வருஷமாகப் பாட்டுகள் சேர்த்து வைத்திருந்தேன். உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் செல்போனில் அவற்றைத் திறந்து கேட்க ஏற்பாடும் செய்தேன். (நான் உலகத்தில் அதிகபட்சம் திண்டிவனம் வரை போகிறவன்.) பெருமுக்கல்லில் மைத்துனிக்கு வளைகாப்பு வந்தது. "மேளம் வேணாம், ரேடியோ செட்டும் வேணாம் அத்தை. எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்று மாமியாரிடம் வீரம் பேசினேன். பாவம், நம்பிவிட்டார்.

முதல் வளையல் போடும் நேரம். போனில் நாதஸ்வரத்தைத் தட்டினேன். பாட்டு ஓடுவதாகப் போன் காட்டியது, சத்தத்தைக் காணோம். வால்யூமைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன். கடைசிவரை கூட்டினேன். கூடியிருந்த பெண்கள் என்னையே பார்த்தார்கள்.

அப்போது மரக்காணத்திலிருந்து பக்கத்து வீட்டு அண்ணன் அழைத்தார்.

"ஏம்பா, எதிர்வீட்டு உப்பளக்காரப் பெரியவர் காலையில தவறிட்டாரு. வாசல்ல படுக்க வெச்சிருக்காங்க. பூட்டுன உன் வீட்டுக்குள்ள நாதஸ்வரம் கிழியுது."

முந்தின நாள் போனிலிருந்தே வீட்டு ஸ்பீக்கரில் பாடவிட்டுச் சோதித்தவன், சத்தம் போனில் வரும்படி மாற்றாமலே வந்திருக்கிறேன். அந்தப் பெரியவரின் மகனோடு சாக்கடைத் தண்ணீர்ச் சண்டையில் எனக்கு இரண்டு வருஷமாகப் பேச்சில்லை. சாவைக் கொண்டாடுகிறான் என்றுதானே தெரு நினைக்கும்? நிறுத்தலாமென்றால் இன்டர்நெட் சுற்றிக்கொண்டே நின்றது.

"அண்ணே, நெட் கிடைக்கல. வெளியில மீட்டர் பொட்டியில பீஸ் கட்டையப் புடுங்கிடுங்க."

"பெரியவரு மகனே வந்து புடுங்கிட்டாம்பா. கையில வெச்சிக்கினு உன் வீட்டு வாசல்லயே நிக்கிறான்."

பெண்கள் தாங்களே பாடி வளையல் போட்டுக்கொண்டார்கள். நான் பஸ் ஏறி, மாலையும் கையுமாக எதிர்வீட்டில் போய் நின்றேன். போனைக் காட்டி எல்லாம் சொன்னேன். அழுது சிவந்த கண்ணோடு அவன் முழுக்கக் கேட்டான்.

"சரிங்க. கட்டைய காரியம் முடிஞ்சதும் தரேன்."

பதினாறு நாள் கரண்ட் இல்லை. கடையில் வேறு கட்டை வாங்கியிருக்கலாம். அவன் முகத்தைப் பார்த்தபின் மனசு வரவில்லை. மனைவி அம்மா வீட்டிலேயே தங்கிவிட்டாள். நான் மட்டும் விசிறியோடு வீட்டில் கிடந்தேன்.

அவனும் நானும் இப்போது பேசிக்கொள்கிறோம். ஆனால் இன்றைக்கும் எங்கள் தெருவில் ஒரு சாவு விழுந்தால், சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பும் முன்பே யாராவது எங்கள் வீட்டுக்கு வந்து கை நீட்டுகிறார்கள். என் மனைவி பீஸ் கட்டையைக் கழற்றிக் கொடுத்துவிடுகிறாள்.