தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நான்கு முட்டைகள்

ஒரு காட்டில் ஒரு நடுநிலைப் பள்ளி இருந்தது. இது வரைக்கும் எனக்குச் சந்தேகமில்லை. இதற்கு மேல் வருவதைப் பல வருடங்களாக நம்பாமல்தான் இருந்தேன். காரணம், இதை எனக்குச் சொன்னது ஒரு கீரி. அந்தப் பள்ளியில் அலுவலக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்ற வேலாயுதம் அண்ணாச்சி. ஒரு கீரி வந்து, பதினோரு வருடம் முட்டைக்குக் காவல் இருந்தேன் என்று சொன்னால் கேட்கிறவன் என்ன நினைப்பான்? ஆனால் எத்தனை தடவை கேட்டாலும் ஒரு சொல் மாறாமல் சொன்னார். பொய் சொல்கிறவர்கள் ஒவ்வொரு தடவையும் கொஞ்சமாவது மெருகேற்றுவார்கள். ஆகவே அவர் சொன்னபடியே சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பள்ளியின் கணக்கு வாத்தியார் ஒரு தேவாங்கு. பெயர் ஞானமுத்து. இரவெல்லாம் விழித்திருக்கப் பிறந்தவர், பகல் வேலையில் வந்து மாட்டிக்கொண்டார். வகுத்தல் கணக்கு ஒன்றைப் பலகையில் எழுதிப் போட்டுவிட்டு, மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தபடி தூங்கிவிடுவார். பிள்ளைகளுக்கு அதில் வருத்தமில்லை. விழித்திருக்கிற நேரத்தில் நல்ல வாத்தியார். ஒரே ஒரு குறை, எதையும் நெடுநேரம் யோசிப்பார். யோசித்து முடிப்பதற்குள் மணி அடித்துவிடும்.

பள்ளிக்குப் பின்புறம் ஒரு தண்ணீர்த் தொட்டி. தொட்டிக்கும் மதில் சுவருக்கும் நடுவே ஒரு சந்து. குடிதண்ணீர்க் குழாய் அந்தச் சந்தில்தான் இருந்தது. இடைவேளைக்கு மணி அடித்ததும் எட்டாம் வகுப்புக் காட்டுப்பன்றி தங்கராசு அங்கே போய் நின்றுகொள்வான். தண்ணீர் குடிக்க வருகிற சின்னப் பிள்ளைகளிடம் நெல்லிக்காயோ கிழங்கோ இருந்தால் பிடுங்கிக்கொள்வான். ஐந்தாம் வகுப்புச் சருகுமான் சிந்தாமணியிடம் மட்டும், எதுவும் இல்லாத நாளிலும் சுவரோடு சேர்த்து ஒரு இடி இடிப்பான். அவளுக்கு முயல் அளவு கூட இல்லாத உடம்பு. இருந்தால் பிடுங்குகிறான், சரி. இல்லாதபோது எதற்கு இடிக்கிறான் என்பதுதான் அவளுக்கு விளங்கவில்லை.

கணக்கு வகுப்பின் ஜன்னலிலிருந்து பார்த்தால் சந்தின் ஒரு ஓரம் தெரியும். ஞானமுத்து இரண்டு தடவை பார்த்துவிட்டார். பார்த்ததைப் பற்றி யோசித்தார். தங்கராசுவின் அப்பா எப்படிப்பட்டவர் என்று யோசித்தார். தன் உடம்பின் எடை என்ன என்று யோசித்தார். மணி அடித்துவிட்டது.

இந்தச் சமயத்தில் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. எல்லாப் பள்ளிகளிலும் மாணவர் பாதுகாப்புக் குழு அமைக்க வேண்டும், புகார்ப் பெட்டி வைக்க வேண்டும், பதிவேடு பராமரிக்க வேண்டும். தலைமையாசிரியை பரிபூரணம் டீச்சர் ஒரு கரடி. ஓய்வுக்கு இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது. அதற்குள் எந்தக் காகிதமும் தன் பெயரைத் தேடிக்கொண்டு வரக்கூடாது என்பது ஒன்றே அவருடைய வேண்டுதல். அன்றைக்கே குழு அமைத்தார். கண் பெரியதாக இருக்கிறது என்பதால் ஞானமுத்துவைக் கண்காணிப்பு உறுப்பினராகப் போட்டார்.

பெட்டி செய்யும் வேலை மரங்கொத்தியிடம் போனது. மரங்கொத்திக்குத் தெரிந்தது வட்டத் துளை ஒன்றுதான். காகிதம் போட நீளத் துளை கேட்டார்கள், அது வட்டமாகவே போட்டுக் கொடுத்தது. பெட்டியை எங்கே மாட்டுவது என்று இரண்டு கூட்டம் நடந்தது. வாசலில் மாட்டினால் வெயில், வராந்தாவில் மாட்டினால் இடைஞ்சல். கடைசியில் வேலாயுதம் அண்ணாச்சிதான் வழி சொன்னார். தொட்டிக்குப் பின்னால் சுவரில் ஏற்கெனவே ஒரு ஆணி இருக்கிறது. எல்லாருக்கும் மனசு லேசாகிவிட்டது. அங்கேயே மாட்டினார்கள்.

தங்கராசு நிற்கிற இடத்துக்கு நேர் மேலே.

சிந்தாமணி ஒரு நாள் தைரியமாக எழுதிக்கொண்டு போனாள். தங்கராசு அதை வாங்கி, நிதானமாகப் படித்தான்.

"இடிக்கிறான்னு எழுதியிருக்க, சரி. போன வியாழக்கிழமை மிதிச்சனே, அது விட்டுப்போச்சே. நாளைக்கு முழுசா எழுதிட்டு வா."

சொல்லிவிட்டுக் காகிதத்தைத் தின்றுவிட்டான்.

மாதக் கடைசியில் அண்ணாச்சி சாவி போட்டுப் பெட்டியைத் திறந்து பார்ப்பார். காலி. பதிவேட்டில் 'புகார்: இல்லை' என்று எழுதுவார். மூன்று மாதம் இப்படிப் போனதும், அமைதியான பள்ளி என்று மேலிடத்திலிருந்து பாராட்டுச் சான்றிதழ் வந்தது. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தலைமையாசிரியை அறையில் மாட்டினார்கள். அதற்கு மட்டும் புது ஆணி வாங்கினார்கள்.

அடுத்த வாரம் சிந்தாமணியின் அம்மா டி.சி. கேட்டு விண்ணப்பத்தோடு வந்தாள். பிள்ளை நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிறாள், கேட்டால் வாய் திறப்பதில்லை என்றாள். ஞானமுத்து, நன்றாகப் படிக்கிற பிள்ளை, பெட்டியில் எழுதிப் போடச் சொல்லலாமே என்று ஆரம்பித்தார். சொல்லும்போதே அவருக்குக் கூசியது.

"படிப்பு வரலன்னா வீட்ல வச்சுக்கலாம் சார். காலு வரலன்னா என்ன செய்ய? காட்டுல ஓடிப் பொழைக்கிற சாதி நாங்க."

ஒரு மாதம் பொறுங்கள் என்று விண்ணப்பத்தை வாங்கி மேசைக்குள் வைத்தார் ஞானமுத்து. ஒரு மாதத்தில் என்ன நடக்கும் என்று அவருக்கே தெரியாது.

நடத்தியது ஒரு மைனா. முட்டையிடுவதற்கு அது காடு முழுக்கப் பொந்து தேடிக்கொண்டிருந்தது. மழை படக்கூடாது, பாம்பு ஏறக்கூடாது, முக்கியமாக யாரும் கையை விடக்கூடாது. அப்படிப்பட்ட பொந்து அந்த வட்டாரத்திலேயே ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதுதான் புகார்ப் பெட்டி.

மாதக் கடைசியில் அண்ணாச்சி திறந்து பார்த்தபோது, உள்ளே வைக்கோல் மெத்தை. அதன் மேல் வெளிர் நீலத்தில் நான்கு முட்டை. பக்கத்தில் மைனா, கதவைச் சாத்து என்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டு. வாயில் எச்சில் ஊறியது உண்மைதான் என்று அண்ணாச்சியே என்னிடம் ஒத்துக்கொண்டார். ஆனால் மைனா போட்ட சத்தம் கேட்டுத் தலைமையாசிரியை வந்துவிட்டார்.

பரிபூரணம் டீச்சர் முட்டையைப் பார்த்ததும் அலுவலகத்துக்கு ஓடினார். அலமாரியிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்தார்கள். கூடு பாதுகாப்பு விதி, ஏழாம் பிரிவு: அலுவலகக் கட்டடத்தில் முட்டை உடைந்தால் அலுவலகத் தலைவர் பணியிடை நீக்கம் செய்யப்படுவார். ஞானமுத்து அந்தப் புத்தகத்தை வாங்கி முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். பிள்ளைக்கு அடிபட்டால் யாருக்கு என்ன என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. அதற்குச் சுற்றறிக்கை மட்டும்தான்.

கால் மணி நேரத்தில் உத்தரவு தயாரானது. காலை இடைவேளை, மதியச் சாப்பாடு, மாலை இடைவேளை, மூன்று வேளையும் ஒரு ஆசிரியர் பெட்டிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார வேண்டும். சுற்றி இருபது அடிக்குள் ஓடுதல், தள்ளுதல், இடித்தல், கூச்சலிடுதல் கூடாது. அண்ணாச்சி நாளொன்றுக்கு மூன்று தடவை முட்டையை எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும். நான்கு மாதம் கூடிக் கூடிப் பேசிய குழு செய்யாததை நான்கு முட்டை கால் மணியில் செய்தது.

தங்கராசு தலைமையாசிரியை அறைக்குப் போய் நியாயம் கேட்டான்.

"நான் அவளத்தான டீச்சர் இடிக்கேன். முட்டைக்கு என்ன?"

"சுவரு அதிரும்லா. ஒன் இடிக்கு முட்டை தாங்குமால?"

அவனுக்குப் போக்கிடம் இல்லாமல் போயிற்று. பள்ளியில் மறைவான இடம் அந்தச் சந்து ஒன்றுதான். மைதானத்தில் இடிக்கலாம் என்றால் எட்டு வகுப்புக்கும் மைதானத்தைப் பார்த்து ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது. இரண்டு நாள் சும்மா சுற்றிவந்தான். மூன்றாம் நாள் வரிசையில் நின்று தண்ணீர் குடித்தான்.

நாற்காலி டூட்டிக்கு மற்ற ஆசிரியர்கள் முகம் சுளித்தார்கள். ஞானமுத்து எல்லா முறையையும் தானே எடுத்துக்கொண்டார். முதல் நாள் சிந்தாமணி இருபது அடிக்கு வெளியே நின்று பார்த்தாள். இரண்டாம் நாள் பத்தடி. நான்காம் நாள் நாற்காலிக் காலில் சாய்ந்து உட்கார்ந்து நெல்லிக்காய் தின்றாள். அதற்குப் பிறகு அணில்கள் வந்தன, முயல்கள் வந்தன, உடும்புப் பிள்ளை ஒன்று வந்தது. ஞானமுத்து விழித்திருக்க வேண்டும் என்று எவ்வளவோ பாடுபட்டார். மதிய வெயிலில் கண் சொருகிவிடும். உடும்பு கவலைப்பட்டது. தூங்கினால் என்ன, சார் இங்கதானே இருக்கார் என்று சிந்தாமணி அதற்குச் சமாதானம் சொன்னாள். அரைத்தூக்கத்தில் அது அவர் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு அவருக்குத் தூக்கம் வரவில்லை.

மாதம் முடிந்து சிந்தாமணியின் அம்மா வந்தாள். பிள்ளை இப்போது நாலு காலிலும் நடக்கிறாள், டி.சி. இருக்கட்டும் சார், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று போய்விட்டாள்.

ஆனால் முட்டை என்றால் பொரிக்கத்தானே செய்யும். பொரித்தன. குஞ்சுகள் கத்தின, சிறகு முளைத்தது, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அம்மாவோடு கிளம்பிப் போய்விட்டன. அண்ணாச்சி 'பறந்தவை: 4' என்று எழுதினார். மதியமே தலைமையாசிரியை அடுத்த உத்தரவு போட்டார். திங்கட்கிழமை முதல் நாற்காலி டூட்டி ரத்து. கேட்டதும் தங்கராசு தொட்டிப் பக்கம் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

மாலையில் எல்லாரும் போன பிறகு சிந்தாமணி கணக்கு வகுப்பு வாசலில் நின்றாள்.

"சார், திங்கட்கிழமை நான் எங்க உக்காரணும்?"

ஞானமுத்து வாழ்க்கையில் முதல் தடவையாக யோசிக்காமல் எழுந்தார். ஓடைக்குப் போய் உருண்டையான கூழாங்கல் நான்கு பொறுக்கினார். ஆசிரியர் அறையில் இருந்த நீல மைப் புட்டியில் ஒவ்வொன்றாக முக்கி எடுத்து ஜன்னலில் காயவைத்தார். பெட்டியின் வட்டத் துளைக்குள் தேவாங்கின் கை சுலபமாக நுழைந்தது. மெத்தை இன்னும் கலையாமல் இருந்தது.

திங்கட்கிழமை பெட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்யப் போன அண்ணாச்சி திறந்து பார்த்தார். ஒன்றை எடுத்து முகர்ந்தார். தலைமுறை தலைமுறையாக முட்டை தின்கிற குடும்பம். திரும்ப வைத்துவிட்டுப் பதிவேட்டை எடுத்து, 'முட்டை: 4. நிறம் சற்று அடர்த்தி' என்று எழுதினார்.

தலைமையாசிரியை வந்தார். அவரும் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கை நீலமாயிற்று. கையைப் பார்த்தார். ஞானமுத்துவைப் பார்த்தார். நாற்காலி போடும் இடத்தில், நாற்காலி இல்லாமலேயே வந்து உட்கார்ந்திருந்த ஒன்பது சின்னப் பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு உள்ளங்கையைத் தொடையில் துடைத்துக்கொண்டார். கரடி உடம்பில் நீலம் தெரியாது.

"மைனா மறுபடியும் வச்சிருக்கு போல. நாற்காலிய எடுத்துப் போடுங்க" என்றார்.

அடுத்த ஜூனில் தங்கராசு எட்டாவது தேறி, மலை உச்சியில் இருந்த உயர்நிலைப் பள்ளிக்குப் போனான். அங்கே காட்டெருமைக் கன்றுகள் படித்தன. ஒரே மாதத்தில், ஒரு மதிய நேரம், தொட்டிப் பக்கம் வந்து நின்றான். ஒரு காது கிழிந்திருந்தது. சிந்தாமணி சட்டென்று நாற்காலிக்குப் பின்னால் போனாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. வாத்தியாரின் காதுக்குப் பக்கத்தில் குனிந்தான்.

"அது கல்லுன்னு எனக்கு மறுநாளே தெரியும் சார். பன்னி மூக்கு."

"பின்ன ஏன்ல யார்ட்டயும் சொல்லல?"

"நீங்க இங்க உக்காந்த பெறகுதான் சார் நானும் நிம்மதியா தண்ணி குடிச்சேன். முன்னெல்லாம் எடத்த விடாம நின்னு காவல் காக்கதுக்கே இடைவேள முடிஞ்சிரும்." கிழிந்த காதைச் சுவரில் தேய்த்துக்கொண்டான். "எங்க பள்ளிக்கூடத்துக்கு ரெண்டு முட்டை கிடைக்குமா சார்?"

ஞானமுத்து அவனுடைய காதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"ஒங்க பள்ளிக்கூடத்துல நீல மை இருக்கா?"

இதுதான் கதை. அந்தக் கல் பதினோரு வருடம் பொரிக்காமல் இருந்தது என்று அண்ணாச்சி சொல்கிறார். மழைக்காலத்தில் 'நிறம் மங்கல்' என்று எழுதுவாராம். மறுநாள் 'நிறம் தெளிவு' என்று எழுதுவாராம். நடுவில் ஒரு தடவை யானை அதிகாரி ஆய்வுக்கு வந்து, ஏன் இன்னும் பொரிக்கவில்லை என்று கேட்டதாம். மலைப் பிரதேசம் ஐயா, மெதுவாகத்தான் பொரிக்கும் என்று பரிபூரணம் டீச்சர் சொல்ல, 'காவல் தொடரவும்' என்று எழுதிவிட்டுப் போனதாம். டீச்சர் ஓய்வு பெற்றபோது அடுத்து வந்தவருக்கு முதலில் ஒப்படைத்தது அந்தப் பெட்டியின் சாவியைத்தானாம். சிந்தாமணியும் டி.சி. வாங்கினாள். எட்டாவது முடித்தவர்கள் வாங்குகிற டி.சி.

வருடக்கணக்காக நான் சந்தேகப்பட்டது கல்லை அல்ல என்பது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. கல்லை முட்டை என்று எழுத ஒரு அலுவலகத்தால் முடியும், அதில் அதிசயமில்லை. போன மாதம் அண்ணாச்சியைப் பார்த்தேன். வழக்கம் போல் ஆரம்பத்திலிருந்து சொல்லி முடித்தார். முடிக்கும் வரை காத்திருந்து, இத்தனை வருடம் கேட்காததைக் கேட்டுவிட்டேன்.

"நாலு கல்ல பதினோரு வருசம் ஒரு நாளைக்கு மூணு தடவ எண்ணுனீங்களே அண்ணாச்சி, அதுக்கு முன்னால அந்தச் சந்துக்குள்ள போன பிள்ளைகள, திரும்பி வருதான்னு ஒரு தடவையாவது யாராவது எண்ணுனீங்களா?"

நீதி: பிள்ளைகள் பத்திரமாக இருக்க வேண்டுமானால், அவர்கள் பக்கத்தில் உடையக்கூடிய பொருள் ஏதாவது இருக்க வேண்டும்.