செப்புக் குண்டு காட்டிய மூலை

எண்பது வீடுகளை அடுக்கிவைத்த அந்தக் குடியிருப்பில் அன்று லிஃப்டுக்கே மூச்சு வாங்கியது. வீடு வீடாக ‘அலை’ பார்த்துச் சாப்பாட்டு மேசைக்கு இடம் சொல்லும் அலையார் எழுந்தருளியிருந்தார். ‘எங்கும் நிறைந்தவனே’ என்று காலையில் கண்ணீர் மல்கப் பாடிய வாய்களெல்லாம், அவன் சாப்பாட்டு மேசைக்கு எந்தப் பக்கத்தில் நிறைந்திருக்கிறான் என்று கேட்பதற்காகப் படிக்கட்டில் வரிசைகட்டி நின்றன.

அலையார் பட்டுநூலில் கட்டிய செப்புக் குண்டொன்றை விரலிடுக்கில் தொங்கவிட்டபடி கூடத்தை வலம்வருவார். குண்டு சுழன்றால் அங்கே அன்ன அலை பொங்குகிறது, மேசையிடுக. அசையாது நின்றால் அவ்விடம் பாழ். அந்தப் பாழிடத்தில் எப்போதும் அவ்வீட்டின் பழைய மேசை இருக்கும். பொங்குமிடத்துக்குப் பொருந்தும் கண்ணாடி மேசையோ எப்போதும் அவருடைய மைத்துனர் கடையில் இருக்கும். படைப்பின் பொருத்தந்தான் என்னே!

மூன்றாம் மாடித் தையற்காரி வீட்டில் புதுமேசை ஃப்ரிட்ஜை நெருக்கியதால் அதன் கதவு ஒரு சாண்தான் திறந்தது. உள்ளே சென்ற தர்ப்பூசணி வெளியேற வழியின்றி அங்கேயே முத்தியடைந்தது. சங்கச் செயலாளர் தம் வீட்டுக் குளியலறைக்கு இரண்டு நாற்காலி ஏறி இறங்கிச் சென்றார்.

“அலை பிரமாதமா இருக்கு. முழங்கால்தான் கொஞ்சம் வீங்கியிருக்கு” என்றார் பூரிப்புடன்.

நான்காம் மாடியில், கடை கடையாகச் சென்று தராசு சோதிக்கும் எடையளவு ஆய்வாளர் குடியிருந்தாள். அவள் கணவன் அச்சகத்தில் பிழைதிருத்துபவன். பிறர் பிழைகளை மட்டும். பன்னிரண்டடிக்கு ஒன்பதடிக் கூடம். சன்னலோர மூலையில் மாமனாரின் கட்டில். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநரான அவருக்கு அந்தச் சன்னலும் ஒரு ரேடியோவுமே உலகம். அவ்வளவு சிறிய கூடத்தில் நவீனச் சாப்பாட்டு இடம் அமைக்க விரும்பிய கணவன், செவ்வாய்க்கிழமை அலையாரை அழைத்துவந்தான்.

குண்டு கட்டிலருகே வந்ததும் பம்பரமாய்ச் சுழன்றது.

“யாருது இந்தக் கட்டில்?”

“அப்பாவோடது, சாமி.”

“அன்னம் பொங்குற வாயில தக்கையை வெச்சு அடைச்சிருக்கியேப்பா!”

மாமனார் ரேடியோவின் ஒலியைக் குறைத்தார். “எத்தனையோ பேர் ஹாரன் அடிச்சு ‘வழி விடு’ன்னு திட்டியிருக்காங்க. தக்கைன்னு இன்னைக்குத்தான் கேக்குறேன்.”

அலையார் கட்டிலை நகர்த்தச் செய்து, தம் முத்திரை பொறித்த செப்புத் தகட்டைத் தரையில் தம் கையாலேயே பசைபோட்டு ஒட்டினார். மேசை அதன்மேல்தான் நிற்கவேண்டுமாம்.

அவர் படியிறங்கியதும் கணவன் சொன்னான்: “அப்பாவை ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுல விட்டுடலாம். கொஞ்ச நாளைக்குத்தான்.”

‘கொஞ்ச நாள்’ என்பதன் நீளத்தை அளக்கும் கோல் அவளுடைய அலுவலகத்திலும் இல்லை. மாமனார் ரேடியோவை அணைத்தார். கம்பியைச் சுருட்டி, ரேடியோவைத் துண்டில் பொதிந்து பைக்குள் வைத்தார். அதைக் கண்டபோதுதான் அவளுக்குள் இருந்த ஆய்வாளர் எழுந்து நின்றாள்.

“என்னங்க, ஒரு தராசு சரியா தப்பான்னு எப்படிப் பார்ப்பேன் தெரியுமா? ஒரே கல்லை ரெண்டு தடவை வைப்பேன். ரெண்டு தடவையும் ஒரே எடை காட்டினா முத்திரை. இல்லைன்னா குப்பை. உங்க சாமியோட குண்டையும் ரெண்டாந்தடவை பார்ப்போம். அதே மூலையைக் காட்டட்டும், கட்டிலை நானே தூக்குறேன்.”

“தாராளமா பாரு!” என்றான் கணவன். செயலாளரும் தையற்காரியும்கூட இசைந்தார்கள். “சொக்கத்தங்கம் உரைகல்லுக்குப் பயப்படுமா?” என்று கேட்டுத் தையற்காரி, கூடத்தை அலையாருக்கு அடையாளம் தெரியாமல் மாற்றத் தன் வீட்டுப் பச்சைத் திரைகளையே கழற்றித் தந்தாள்.

சனிக்கிழமை மாலைக்குள் கூடம் மாறுவேடம் பூண்டது. கட்டிலும் மாமனாரும் உள்ளறைக்குப் போனார்கள். செப்புத் தகட்டின்மேல் கம்பளம். கம்பளத்தின்மேல், அலையார் விதித்த அதே இடத்தில், யார் வீட்டிலிருந்தோ இரவல் வாங்கிய பழைய மடக்குமேசை. கதவில் வேற்று எண். மாடியின் எண்ணை ஒரு நாட்காட்டி மறைத்தது. ஐந்தாம் மாடியில் புதுக்குடித்தனம் என்று சொல்லி, அலையாரைப் பின்படிக்கட்டு வழியாக ஏற்றினார்கள். எண்பது கூடங்களும் ஒரே அச்சில் வார்த்தவை. ஐயம் எங்கிருந்து வரும்? வீட்டுக்காரியாகத் தையற்காரியின் தங்கை நின்றாள். மற்றவர்கள் வழக்கமான அன்பர் கூட்டம்போல் பின்னால் நின்றார்கள்.

குண்டு மேசைக்குமேல் வந்தது, கல்லாய் நின்றது.

“ஐயோ தாயே! மேசையை இங்க போடச் சொன்னது யாரு?”

“ஒரு பெரியவர் சொன்னாருங்க” என்றாள் தங்கை பயபக்தியுடன்.

“பெரியவனா அவன்? மடையன்! மகா மடையன்! பசிப்பேய் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிற மூலைம்மா இது. அவனை மட்டும் என் கண்ணுல காட்டு!”

“இதோ காட்டுறேன்” என்று ஆய்வாளர் முன்னே வந்தாள். மேசையை நகர்த்தினாள்; கம்பளத்தைச் சுருட்டினாள். செப்புத் தகடு பளபளத்தது. அதன் நடுவே அலையாரின் திருமுத்திரை.

உள்ளறைக் கதவு திறந்து மாமனார் எட்டிப்பார்த்தார். “பசை நல்ல பசை, சாமி. நாலு நாளாப் பெருக்குறோம், அசையல.”

அலையார் தகட்டிலிருந்து கண்ணை எடுத்துக் கூரையைப் பார்த்தார். “அலைன்னா... அலைதானே தாயே. இடம் மாறும்.”

“நாலே நாள்லயா? அப்போ மேசைக்குச் சக்கரம் மாட்டணும். அதுவும் உங்க மைத்துனர் கடையில இருக்கா?”

சொல்லிக்கொண்டே அவர் விரலிலிருந்து நூலை வாங்கி, மேலே விளக்குக் கொக்கியில் கட்டினாள். விரலைப் பிரிந்த குண்டு துறவு பூண்டது. அந்தப் பக்கமும் ஆடவில்லை, இந்தப் பக்கமும் ஆடவில்லை. பொங்கியது அன்னமன்று, அவர் சுண்டுவிரல் என்பது அப்போது கடைசி வரிசைக்கும் விளங்கிற்று. ஆய்வாளர் கைப்பையிலிருந்து பொய்த்தராசுக்குக் கட்டும் சீட்டை எடுத்தாள். ‘நிராகரிக்கப்பட்டது’ என்று எழுதிக் குண்டின் கழுத்தில் கட்டி, அவரிடமே திருப்பிக் கொடுத்தாள். ஏறும்போது பின்படிக்கட்டைக் குறைகூறியவர், இறங்கும்போது அதற்கு நன்றி சொல்லியிருப்பார்.

கணவன் தந்தையின் முகத்தைப் பார்க்காமல் கட்டிலின் ஒரு முனையைப் பிடித்தான். “அப்பா, அந்தப் பக்கம் பிடிங்க.”

“ரெண்டு பக்கமும் நீயே பிடிடா. நான் திருப்பச் சொல்றேன். ஒடி... இன்னும் ஒடி... போதும், நேராக்கு!”

மறுவாரம் தச்சர் வந்தார். கட்டிலுக்கு எதிரே, சுவரில் கீலடித்து மடக்குப் பலகை ஒன்று பொருத்தினார். இறக்கினால் மேசை, மடக்கினால் சுவர். கட்டிலே இருக்கை. நாலு பேர் உண்ணலாம், ஐந்தாமவர் ரேடியோ கேட்கலாம்.

அதைப் பார்க்க வந்த செயலாளர் காலைத் தடவிக்கொண்டே கேட்டார்: “எல்லாம் சரி. இனிமே மேசையை எங்க போடணும்னு நாங்க யாரைத்தான் கேக்குறது?”

“உங்க முழங்காலைக் கேளுங்க” என்றார் மாமனார். “எங்க இடிக்குதுன்னு அது அன்னைக்கே சொல்லிச்சே!”

கூட்டம் சிரித்தது. முழங்காலுக்கு உள்ள அறிவு தலைக்கும் உண்டு, அன்பர்களே; இடிபட்ட அன்றே கத்தும் வழக்கந்தான் தலைக்கு இல்லை.