அழிக்கட்டோ, விடட்டோ?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெயின்ற் அடிக்கிறவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். சுவரில் கிறுக்கியவர்களின் வீடு தேடிப்போய், அழிப்பதற்கு அனுமதி கேட்டுவிட்டு வந்து அடித்தவர் கேட்டடியார் ஒருவர்தான்.

மானிப்பாய்ப் பக்கத்தில் மிஷன் காலத்துப் பள்ளிக்கூடம் ஒன்று. பிள்ளைகள் புதுக் கட்டடத்துக்குப் போனபின் அங்கே வௌவால்கள்தான் படித்துக்கொண்டிருந்தன. அதைத் திருத்தி ஊருக்குக் கலைக்கூடம் ஆக்குவதென்று பழைய மாணவர்கள் தீர்மானித்தோம். கூட்டத்துக்குப் பிந்திப்போன குற்றத்துக்காகச் செயலாளர் பதவி என் தலையில் விழுந்தது. ஓடு மாற்றினோம், யன்னல்களைச் செப்பனிட்டோம். கடைசியாகப் பெயின்ற் அடிக்க, சைக்கிளில் இரண்டு வாளிகளைத் தொங்கவிட்டுக்கொண்டு இவர் வந்து சேர்ந்தார்.

மண்டபத்துப் பின்சுவரில் பழைய பூச்சைச் சுரண்டியதும் வந்தது வினை. ஐம்பது வருடமாக மாணவர்கள் ஆணியால் கீறிய எழுத்துகள் ஒவ்வொன்றாக எழும்பி வந்தன.

"கீறலுகளை அடைச்சுப்போட்டு அடியுங்கோ அண்ணை" என்றேன்.

"ஆர் எழுதினதெண்டு தெரியாமல் எப்பிடித் தம்பி அழிக்கிறது? கேட்டுத்தான் அடிப்பன்."

அன்றைக்கே ஊர் அவருக்குக் 'கேட்டடியார்' என்று பெயர் வைத்துவிட்டது.

காலையில் சுரண்டுவார், பின்னேரம் சைக்கிளில் ஆள் தேடுவார். கோப்பாயில் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் அம்மா ஒருவர். இருமினாலே ஊர் அடங்கும். அவருடைய கணவர் தர்மலிங்கம் விறாந்தையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருக்க, இவர் நேராகவே கேட்டிருக்கிறார்.

"அம்மா, 'சிவா என்ரை உயிர்' எண்டு எழுதி, கீழை உங்கடை பேரும் போட்டிருக்கிறியள். அழிக்கட்டோ, விடட்டோ?"

பேப்பர் மெல்லக் கீழே இறங்கியது. "ஆரப்பா உந்தச் சிவா?"

"அழியுங்கோ! இப்பவே போய் அழியுங்கோ!" அம்மா படலை வரைக்கும் துரத்திக்கொண்டு வந்தாராம்.

எங்கள் பழைய மாணவர் சங்கத் தலைவரையும் அவர் விடவில்லை. நிர்வாகக் கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போது வாசலில் வந்து நின்றார். "தலைவர் ஐயா, கணக்கு வாத்தியாரை ஆந்தை எண்டு கீறினது நீங்கள்தானே?"

தலைவர் முகம் கறுத்தது. திறப்பு விழாவுக்கு ஒரு கிழமைதான் இருந்தது. சுவரோ அம்மை போட்டதுபோல் கிடந்தது. "வேறை ஆளைப் பிடியும்" என்று என்னிடம் சொல்லிவிட்டார்.

அதைச் சொல்லத்தான் மண்டபத்துக்குப் போனேன். கேட்டடியார் சுவருக்கு முன்னால் குந்தியிருந்தார். 'கருனாகரன்' என்று கோணல்மாணலாக ஒரு பெயர்.

"எல்லாரையும் கேட்டாச்சுத் தம்பி. இவன் ஒருத்தன்தான் மிச்சம். அளவெட்டிப் பெடியன். சண்டைக்காலத்திலை காணாமல் போனவன். தாய் இருக்கிறா. நாளைக்கு வாறா."

நான் வந்த விசயத்தைக் கதைக்காமலே திரும்பிவிட்டேன்.

மறுநாள் காலை அந்த அம்மா ஓட்டோவில் வந்து இறங்கினார். எழுத்தை விரலால் மெதுவாகத் தடவினார். அழப்போகிறார் என்று நான் தண்ணீர்ப் போத்தலைத் திறந்தேன். அவரோ சிரித்தார்.

"பாருங்கோ, மூண்டு சுழி போட வேணும். உவன் தன்ரை பேரையே பிழையாத்தான் எழுதுவான். உதுக்கு என்னட்டை எத்தினை குட்டு வாங்கினவன்!"

கேட்டடியார் ஓர் ஆணியை எடுத்து நீட்டினார். "திருத்திவிடுங்கோவன் அம்மா."

"வேண்டாம் தம்பி. பிழையாவே கிடக்கட்டும். அப்பதான் அது அவன்."

எல்லோரிடமும் கேட்ட கேள்வியை அவரிடம் மட்டும் கேட்டடியார் கேட்கவில்லை.

திறப்பு விழாவன்று மண்டபம் வெள்ளைவெளேரென்று இருந்தது. பின்சுவரில் ஒரு சாண் அளவு இடம் மட்டும் பழைய நிறத்தில் கிடந்தது. தலைவர் கண்டுவிட்டார்.

"என்ன அண்ணை, அந்த இடம்?"

"பெயின்ற் முடிஞ்சுது ஐயா."

பக்கத்திலேயே வாளியில் அரைவாசிக்குப் பெயின்ற் இருந்தது. தலைவர் குனிந்து பெயரை வாசித்தார். வாளியைப் பார்த்தார்.

"ஓம், முடிஞ்சுதுதான்" என்றார்.

இப்போது கேட்டடியார் எங்கள் வீட்டில் பெயின்ற் அடிக்கிறார். தொடங்கி ஐந்து கிழமை. ஓர் அறைகூட முடியவில்லை; ஒவ்வொரு கீறலுக்கும் என்னைக் கூப்பிட்டுக் கதை கேட்டுவிட்டுத்தான் அடிக்கிறார். "கொஞ்சம் அவசரப்படுத்துங்கோவன்" என்று மனைவி தினமும் சொல்கிறாள். வேலை முடிந்தால் அடுத்தநாள் அவர் வரமாட்டாரே என்பதை அவளுக்கு எப்படிச் சொல்வது?