தலைவர் கடித்த ரொட்டி

பஞ்சத்தை ஒழிக்க உலகத்தில் எத்தனையோ வழிகள் உண்டு. அவற்றுள் தலைசிறந்தது படம் எடுப்பதே என்று கண்டுபிடித்த பெருமை எங்கள் பாலைவனக் குடியரசையே சேரும்.

அரசு இயக்குநர் எசென் அந்த வழியில் மூன்று 'அமோக விளைச்சல்'களை எடுத்து முடித்தவர். நாலாவதில்தான் வில்லங்கம். கிராமத்து ஜனங்களைக் கூட்டி வந்து, விரிப்பில் ரொட்டியைக் குவித்து, "ஸ்டார்ட்" சொல்வதற்குள் விரிப்பு காலி.

"என்னம்மா இது? நடிக்கக் கூப்பிட்டா தின்னுட்டீங்களே!"

"விரிப்புல ரொட்டி வச்சா ஒரு வாய் பிட்டுப் போட்டுக்கணும் தம்பி. இல்லேன்னா வச்சவங்களுக்கு அவமானம்," என்றாள் கூட்டத்திலேயே மூத்தவளான ஓகுல்பிபி, வாயைத் துடைத்துக்கொண்டே. "நாங்க மரியாதை தெரிஞ்சவங்க."

மறுநாள் எசென் சுண்ணாம்புச் சாந்தில் ரொட்டி வார்த்து, பொன்னிறம் பூசி, மேலே எள்ளும் தூவினார். என்ன அழகு! ஜனங்களின் மரியாதையும் அடங்கிப்போனது.

அன்றைக்கென்று பார்த்து எங்கள் தலைவர், 'தேசத்தின் தகப்பன்', அமைச்சர்கள் புடைசூழத் திடீரென்று வந்திறங்கி, விரிப்பில் உட்கார்ந்துவிட்டார். வழக்கப்படி, இருப்பவர்களில் மூத்தவர்தான் முதலில் ரொட்டியைப் பிய்க்க வேண்டும். தலைவரைவிட மூத்தவர் இருக்கச் சட்டத்தில் இடமில்லை.

எசென் பதறி ஓடி வந்தார். முந்தைய இயக்குநர், தலைவரின் வழுக்கையைப் படத்தில் காட்டியதற்காக, மணல்மேட்டில் 'வானிலை ஆராய்ச்சி' செய்துகொண்டிருந்தார்.

"ஐயா, ரொம்பச் சூடா இருக்கு..."

"சூடா இருந்தாத்தான்யா ருசி!"

தலைவர் பிட்டுப் பார்த்தார். வரவில்லை. அவர் பின்வாங்குகிற ஆளா? அப்படியே கடித்தார். 'டக்' என்றது.

கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது. துப்பவும் வழியில்லை. கேமரா ஓடிக்கொண்டிருந்தது, ரொட்டியைத் துப்புவதோ பெரும்பாவம். பல்லோடு சேர்த்து விழுங்கினார்.

"எப்படியிருக்குங்கய்யா?" என்றார் விவசாய அமைச்சர்.

"அ... அருமை! எங்கம்மா சுட்ட மாதிரியே இருக்கு."

உடனே அமைச்சர்கள் ஆளுக்கொன்றை எடுத்துக் கடித்தார்கள். டக், டக், டக். எல்லோருக்கும் அவரவர் அம்மா ஞாபகம் வந்தது.

'மக்களின் செழிப்பு கண்டு தலைவர் ஆனந்தக் கண்ணீர்' என்று படம் வெளியாகி, எசெனுக்குப் பதக்கமும் கிடைத்தது. கழுத்து தப்பிய குஷியில் அதே கிராமத்தில் படத்தைப் போட்டுக்காட்டி, ஓகுல்பிபியிடம் கேட்டார்.

"தலைவர் அழுற இடம் எப்படிம்மா? தத்ரூபமா இல்ல?"

"பாவம், பழக்கமில்லாத மனுஷன்," என்றாள் ஓகுல்பிபி. "ஒரு வாய்க்கே இப்படி அழுறாரு. எங்களுக்கு வருஷக்கணக்கா இதைத்தானே தம்பி போடுறீங்க?"