வார்னிங் சாரும் சொல்லாமல் வைத்த டீயும்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். எழுத்துப் பிழையும் இருக்கும். ஐந்தாவதோடு நின்றவன் நான். அச்சடிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பெங்களூரில் எதையும் வாய்விட்டுச் சொன்னால்தான் நம்புவேன் என்று வாழ்ந்த மனிதர் ஒருவர்தான். அவர் வார்னிங் சார்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருஷங்கள். அல்சூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் அவர் இன்ஜினீயர், நான் அட்டெண்டர். முதல் நாள் அவர் மேஜையில் டீயை வைத்துவிட்டு, என் வழக்கப்படி வாயைத் திறக்காமல் திரும்பினேன்.

"நில்லுப்பா. இது என்ன?"

"டீ சார்."

"வெக்கிறதுக்கு முன்னாடி சொல்லணும். சர்க்கரை இருக்கா?"

"இருக்கு சார்."

"அதையும் சொல்லணும். நானா நெனச்சுக்க மாட்டேன்."

எனக்கோ நாலு பேர் முன்னால் நாக்கு எழாது. ஆனாலும் அன்றிலிருந்து மேஜைக்கு இரண்டடி முன்பே நின்று, "சார், டீ. ஒரு கப். சர்க்கரை உண்டு" என்று அறிவித்தால்தான் கப் இறங்கும். பெண் பார்க்கப் போன வீட்டிலும், பஜ்ஜிக்குள் என்ன காய் என்று முதலில் அறிவிக்கச் சொன்னாராம். கல்யாணம் அதோடு நின்றது.

இன்ஜினீயர்கள் எழுதுவதை மெஷினுக்குப் புரிகிறபடி மாற்றித் தருவதற்குக் கம்பைலர் என்று ஒன்று உண்டு. தப்பு இருந்தால் பழைய கம்பைலர் ஒரு வார்னிங்கைக் காட்டிவிட்டு மேலே போய்விடும். அந்த வார்னிங்குகளை உட்கார்ந்து படித்த ஒரே ஆள் இவர். பெயரும் அதனால் வந்ததுதான். இவர் பிடிவாதத்தால் புதுக் கம்பைலர் வந்தது. அதுவும் இவர் கூடப் பிறந்தது போலத்தான். முன்னால் சொல்லாத எதையும் ஏற்காது.

வந்த அன்றே வேலை நின்றது. மெஷினில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு சின்ன ப்ரோகிராமை ஓட்டி முதலில் சோதிப்பார்களாம். அந்தச் சோதனை, "நெட்வொர்க் வசதி இல்லை" என்று சொல்லி உட்கார்ந்துகொண்டது. அதே மெஷினில்தான் எல்லோரும் இன்டர்நெட்டில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கேபிளை மாற்றினார்கள். மெஷினையே மாற்றினார்கள். மேஜையை வடகிழக்காகத் திருப்பினார்கள். கடைசியில் மேனேஜர் என்னைப் பூசணிக்காய் வாங்கிவரச் சொல்லிவிட்டு, வார்னிங் சாரிடம் போனார்.

"வெள்ளிக்கிழமை கஸ்டமருக்கு சாஃப்ட்வேர் போகலேன்னா நீங்க வேற கம்பெனி பாத்துக்குங்க. பழசு ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிட்டுப் போச்சில்ல?"

"நெட்வொர்க் இருக்கு சார். இருக்கான்னு கேக்குற சின்ன ப்ரோகிராம்லதான் தப்பு. அந்தக் கேள்வியே கம்பைல் ஆகல. பதில் வரலேன்னதும் 'இல்லை'ன்னு முடிவு பண்ணிடுது."

"இத்தனை வருஷம் அதே கேள்விதானே கேட்டுச்சு?"

"பழசு கண்டுக்காம விட்டுச்சு சார்."

வியாழக்கிழமை நான் வாசலில் பூசணிக்காயை உடைத்த நேரத்தில், சார் உள்ளே அந்தக் கேள்விக்கு மேலே ஒரு வரி சேர்த்தார். இன்னதைக் கூப்பிடப் போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லும் வரி. உடனே "நெட்வொர்க் வசதி உண்டு" என்று வந்தது. வெள்ளிக்கிழமை கஸ்டமருக்கும் போய்விட்டது.

மேனேஜர் என் முதுகில் தட்டினார். "நல்ல காய்ப்பா. எங்க வாங்கின?"

திங்கட்கிழமை உத்தரவு வந்தது. இனிமேல் பழைய கம்பைலரேதான். வார்னிங் எதுவும் கண்ணில் படாதபடி அடக்கியும் வைக்க வேண்டும். திரை சுத்தமாகிவிட்டது. எல்லோருக்கும் நிம்மதி.

சாயங்காலம் சார் நான் டீ போடும் பான்ட்ரிக்கு வந்தார். வாசலுக்கு இரண்டடி முன்பே நின்று தொண்டையைச் செருமினார்.

"நாளையிலேருந்து ஒரு கப் குறையும். காரணம், நான் வேலைய விட்டுட்டேன். உன்கிட்ட சொல்லாமப் போகக் கூடாது."

மறுநாள் அந்த ஒரு கப்பைக் குறைக்கக் கை வரவில்லை. காலி நாற்காலிக்கு இரண்டடி முன்னால் நின்று, ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்:

"சார், டீ. ஒரு கப். சர்க்கரை உண்டு."

இதை எழுதி முடித்தது, ஆயுத பூஜைக்கு மறுநாள்.